கணினியின் இரு காலங்கள்
கடிகாரம் காட்டும் நேரம் அதிகாரத்தின் தீர்மானம் என்பதை மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் நன்கறியும். 1996 மேயில் அரசு ஒரு மணி நேரம் முன்நகர்ந்தது. ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. எழுவான்கரையில் ஒரு நேரம், படுவான்கரையில் வேறொன்று.

கணினியின் பணிசெயல் முறைமை, திகதி காட்டும் கடிகாரத்தோடு வேறொரு கணக்கையும் பேணுகிறது. இயந்திரம் தொடங்கியதும் பூச்சியத்திலிருந்து புறப்படும் எண்ணியொன்று, குவார்ட்ஸ் பளிங்கின் துடிப்புகளைக் கொண்டு கழிந்த நேரத்தைக் கூட்டிச் செல்கிறது. திகதியை எவர் மாற்றினும் அது பின்செல்லாது. உழைப்பின் அளவுக்கு இதுவே பொருத்தமானது: அவ்வொக்டோபர் இரவில் எட்டரை மணி நேரம் உழைத்த காவலாளிக்குச் சுவர்க்கடிகாரம் எட்டு மணியே காட்டியிருக்கும்.

எனினும் எண்ணிக்கும் எல்லையுண்டு. விண்டோஸ் 95இல் அது மில்லி செக்கன்களை 32 பிட்டுகளில் எண்ணியது, 49.7 நாட்களில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்புகையில் கணினியே உறைந்துபோகக்கூடியதாயிருந்தது.