வயிற்றுப் பிள்ளைக்குச் சிகிச்சை, தாயின் மனத்துக்கு?

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்து, கருப்பையை மீண்டும் தைத்து மூடி, பேறுகாலம் வரை வளரவிடுகிறார்கள் என்றால் நம் பாட்டிமார் நம்பியிருக்க மாட்டார்கள். ஆயினும், 1981ஆம் ஆண்டிலேயே சான் பிரான்சிஸ்கோ நகரில் வைத்தியர் மைக்கல் ஹரிசன் குழுவினர் இதனைச் செய்துவிட்டனர். வைத்தியரின் கைத்திறனை உலகம் புகழ்கிறது; புகழட்டும். நாம் இங்கே நினைப்பது மேசையிற் கிடக்கும் தாயை.

முள்ளந்தண்டுப் பிளவு என்றொரு குறையுண்டு. கருவிலே முள்ளந்தண்டு சரிவர மூடாமையால் நரம்புகள் பழுதுறும்; கால்கள் வலுவிழக்கும்; தலையில் நீர் சேரும். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பிறந்தபின் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேருக்கு ஒரு வயதுக்குள் அந்நீரை வடிக்கக் குழாய் பொருத்த நேர்ந்தது. கருவிலேயே சிகிச்சை பெற்றவருள் அத்தொகை 40. துணையின்றி நடந்தவர்களும் இவர்களுள் இருமடங்கினர்.

பெரும் நன்மைதான். ஆனால், அதற்காகக் கத்திக்கு உடல் கொடுப்பவள் நோயற்ற ஒருத்தி. கருவில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சராசரியாக 34ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டன. கருப்பையைத் திறந்து செய்யும் இச்சிகிச்சைக்குப் பின் அப்பேறும், இனி வரும் பேறுகளும் சிசேரியனாகவே அமையவேண்டும்.

இவ்வளவையும் எண்ணித் தீர்மானிக்க அவளுக்குக் கிடைப்பவை சில வாரங்களே. அவ்வாய்வில் 26ஆம் வாரத்துக்கு முன் சிகிச்சை முடிந்தாகவேண்டும். “நான் என்ன பிழை செய்தேன்?” என்று உள்ளம் குமைவதும் அந்நாட்களிலேதான். “பிள்ளைக்காகத் தாய் எதையும் தாங்குவாள்” என்று சுற்றத்தார் சொல்வது அன்பினாலேதான். எனினும், ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்குள்ள உரிமையை அவ்வார்த்தை மெல்லப் பறித்துவிடுகிறது. துணிந்தவளும் தாய், மறுத்தவளும் தாய் என்பதே நம் கருத்து.

சிகிச்சை முடிந்தாலும் அச்சம் முடிவதில்லை. வயிறு சற்று இறுகினாலும், “வலி தொடங்கிவிட்டதோ?” என்று நெஞ்சு பதறும். அவ்வாய்வில் சிகிச்சை பெற்ற தாய்மார் பேறுவரை வைத்தியசாலைக்கு அருகிலேயே தங்கவேண்டும். உடன் ஒரு துணையும் இருக்கவேண்டும் என்று விதித்திருந்தனர். நல்ல விதி. கணவனோ தாயோ சகோதரியோ, அத்துணையாக வருபவர் ஆறுதல் மொழிகளை அடுக்கவேண்டியதில்லை. அவள் அழும்போது தடுக்காதிருந்தாற் போதும். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளை இன்று சாப்பிட்டதா, பள்ளிக்கூடம் போனதா என்ற செய்தியை நாள்தோறும் கேட்டுவந்து சொன்னாற் போதும்.