7 பேர்ச்சஸில் ஒரு பச்சை வேலி

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் முதற்தடவை மலையகத் தோட்டமொன்றுக்குள் போகும்போது ஏதோ குறைவதை உணர்வார். என்னவென்று பிடிபடச் சற்று நேரம் எடுக்கும். அங்கே வேலி இல்லை.

வடக்கில் வீட்டுக்கு முன்னரே வேலி வந்துவிடும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் நட்டு, அதில் கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த பிறகுதான் அது வளவு. போர் முடிந்து ஊர் திரும்பிய பலருக்குத் தமது காணியின் எல்லையைக் காட்டியவை பாழடைந்த கிணறும், கதியாலாக நட்டு மரமாகிவிட்ட பூவரசும்தான். வேலி மறைப்பு மட்டுமல்ல, 'இது எங்களுடையது' என்பதற்கான சாட்சியும்கூட.

மலையகத்திலும் அழகான பச்சை வேலிகள் உண்டு. நுவரெலியா வீதியிலோ அட்டன் பக்கத்திலோ பேருந்தில் போகும்போது பார்க்கலாம். ஒரே உயரத்தில் வெட்டப்பட்ட சைப்ரஸ் வேலி, வாசலின் இரு பக்கமும் தூண்போல நிமிர்ந்து நிற்கும் இரண்டு மரங்கள், அவற்றுக்குப் பின்னால் துரை பங்களா. சில நூறு யார் தள்டி லயம். அதைச் சுற்றி மறைப்பு என்று எதுவும் இல்லை. பங்களா வேலியை ஒழுங்காக வெட்டிப் பராமரித்த கைகள் லயத்திலிருந்து வந்தவைதான்.

வேலி ஏன் வரவில்லை?

பிரித்தானியர் இங்கே தேயிலையோடு தமது தோட்டக்கலையையும் கொண்டுவந்தார்கள். 1861இல் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காக ஆரம்பிக்கப்பட்ட ஹக்கல தோட்டம் பிறகு மலைநாட்டுத் தாவரவியல் பூங்காவாக மாறியது. கலிபோர்னியாவின் கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட சைப்ரஸ் மரம் நுவரெலியாவின் குளிரில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பங்களாக்களுக்கும் தேவாலய வளவுகளுக்கும் அது போனது. லயத்துக்குப் போகவில்லை.

காரணம் எளிது. வேலி போட நிலம் வேண்டும். லயத்துக் காம்பராவில் இருப்பவருக்கு இஸ்தோப்புக்கு வெளியே சொந்தமாக ஓர் அடி மண்ணும் கிடையாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிரஜாவுரிமை கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. 1977, 1983 வன்முறைகளில் விரட்டப்பட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில் பல, முதன்முதலாகக் கதியால் வெட்டி நட்டது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும்தான். பிறகு போர் அந்த வேலிகளையும் கொண்டுபோனது.

லயத்தில் மறைப்பு இல்லாததன் பாரம் பெண்கள்மீதே அதிகம் விழுகிறது. பொதுப் பீலியில் குளிப்பது, துணி மாற்றுவது, துணி காயப்போடுவது எல்லாமே பலர் பார்வையில்தான். பழைய சாக்கும் தகரமும் சேலையும் கட்டி மறைப்புச் செய்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

2015க்குப் பிறகு தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற அளவு நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. ஆக 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக எஞ்சுவது 1,355 சதுர அடி.

காணியை 40 அடிக்கு 47½ அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 4 அடி அகலத்துக்குப் படரும் சாதாரண செடிவேலி வைத்தால் அது மட்டுமே ஏறத்தாழ 640 சதுர அடியை விழுங்கிவிடும். எஞ்சிய நிலத்தில் பாதி அது. ஒன்றரை அடி அகலத்துக்குள் நிமிர்ந்து வளரும் செடியென்றால் 255 சதுர அடி போதும். மிச்சமாகும் 380 சதுர அடியில் கரட், லீக்ஸ், போஞ்சி என்று ஒரு குடும்பத்துக்கான மரக்கறிப் பாத்திகள் போடலாம். ஒடுங்கி உயரும், இலை உதிராத செடிகள் பங்களாவில் அலங்காரம். 7 பேர்ச்சஸில் அவை தேவை.

எதை நடலாம்?

*சைப்ரஸ்:* பங்களாவில் பார்த்து ஆசைப்படுவது இதைத்தான். ஆனால் பெரிய சைப்ரஸ் இனத்தை வெட்டாமல் விட்டால் 60 அடிக்கு மேல் போகும்; சிறு காணியில் வீட்டுக்கே ஆபத்து. வெட்டத் தாமதித்தாலும் சிக்கல்தான். இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் மீண்டும் துளிர்க்காது. தூண்போல வளரும் இத்தாலிய சைப்ரஸ் ஒடுக்கமானது. ஆனால் வெயிலும் வடிகாலும் கேட்கும். மூடுபனியும் ஓயாத மழையும் உள்ள இடங்களில் உள்ளிலைகள் பழுப்பாகிவிடும்.

*பொடோகார்பஸ்:* மெதுவாக வளரும், ஆனால் பொறுமைசாலி. தேயிலை மண்ணின் புளிப்புத் தன்மையைத் தாங்கும், அரை நிழலிலும் நிற்கும், வெட்டிய இடத்தில் துளிர்க்கும். 2 முதல் 3 அடி இடைவெளி போதும்.

*டிரசீனா:* காசு செலவில்லாதது. தண்டை வெட்டி நட்டாலே வேர்விடும். நெருக்கமாக நட்டால் ஓர் அடி அகலத்துக்குள் நிற்கும். உறைபனி விழும் நுவரெலியா உயரத்தைவிட, அட்டனுக்குக் கீழேயுள்ள இளஞ்சூடான பகுதிகளுக்கே பொருத்தம். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் சக்கா மக்கள் தலைமுறைகளாகக் காணி எல்லைகளில் நடுவது இதன் ஓர் இனத்தையே. அவர்களிடையே அந்த இலை சமாதானத்தின் அடையாளமும்கூட. மன்னிப்புக் கேட்பவர் அதைக் கொண்டுபோவார்.

*தேயிலை:* பலருக்கு இது நினைவுக்கே வராது. இடுப்பளவில் நாம் பார்க்கும் செடி கவ்வாத்தினாலும் கொழுந்து பறிப்பதாலும் அப்படி நிற்கிறது. விட்டுவிட்டால் 20, 30 அடி மரமாகும். பக்கக் கிளைகளை வெட்டி உயர விட்டால் அடர்ந்த பச்சை மதில் கிடைக்கும். மண்ணும் காலநிலையும் அதற்கேற்றவை. கவ்வாத்துக் கத்தி பிடிக்கவும் இந்த மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வடக்கில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இவற்றில் குளிர்நாட்டுச் செடிகளை வன்னி வெயிலில் நட்டு ஏமாறாதீர்கள். அசோகா என்று பலர் சொல்லும் நெட்டிலிங்கம் அங்கே இதே வேலையைச் செய்யும்.

நடும்போது கவனிக்க வேண்டியவை

ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சியும் உறைபனியும். அப்போது நட வேண்டாம். ஏப்ரல் மழையோடு அல்லது ஒக்டோபர் மழையோடு நடுவது நல்லது. ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி. மக்கிய சாணம் அல்லது கூட்டெரு. சுவரிலிருந்து குறைந்தது 3 அடி தூரம். முதல் இரண்டு வருடங்கள் பக்கங்களை வெட்டி உச்சியை விட்டுவிட வேண்டும். தேவையான உயரம் வந்ததும் உச்சியை வெட்டலாம். அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகலமாக இருந்தால் கீழிலைக்கும் வெளிச்சம் கிடைக்கும். வேலி அடியில் ஓட்டை விழாது.

சரிவில் கானை மறித்து நடக்கூடாது. நீர் தேங்கினால் மண் இளகும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்ணை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் எந்த வேலியும் பாதுகாப்புத் தராது. அங்கே தேவை மாற்றுக் காணி. வேலிக்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்னர் பாருங்கள். சிறுத்தை நடமாடும் பகுதிகளில் வேலியின் அடியைப் புதராக விடாதீர்கள்.

வேலிக்கு முன்னர் உறுதி

கன்று வாங்குவதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லை எங்கே? அளந்து கல் போட்டிருக்கிறார்களா, உறுதி கையில் இருக்கிறதா? வீடு கிடைத்தும் உறுதிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. லயத்தில் இருப்பவர் இன்று ஒரு கன்றை நட்டால், நாளை அது தோட்டத்தின் நிலத்தில் நிற்கும் மரம்.

பொடோகார்பஸ் ஆளுயரம் வர நான்கைந்து வருடங்களாவது ஆகும். அதை நடுபவர், அத்தனை வருடங்களுக்குப் பிறகும் தானும் தன் பிள்ளைகளும் அந்த இடத்தில்தான் இருப்போம் என்று நம்ப வேண்டும். இருநூறு வருடங்களாகப் பிறர் நிலத்தில் கோடிக்கணக்கான செடிகளை நட்ட சமூகத்துக்கு அந்த நம்பிக்கையை ஓர் உறுதிப் பத்திரம்தான் கொடுக்க முடியும்.