மூச்சுவிடும் சுவர்கள்

ஆதிச்சநல்லூருக்குச் சென்றிருக்கிறீர்களா? தாமிரபரணிக் கரையில் புதைந்து கிடந்த முதுமக்கள் தாழிகளை, அவை கிடந்த குழியிலேயே விட்டுவைத்துக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கும்படி 2023இல் அமைத்திருக்கிறார்கள். தாழி என்பது சுட்ட மண். பார்வைக்கு இறுகியிருந்தாலும் அதில் நுண்துளைகள் ஏராளம். வீட்டு மண்பானையில் நீர் குளிர்வதும் இத்துளைகளால்தான். கசியும் நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

செங்கல்லும் சுட்ட மண்தானே! அப்படியானால் செங்கல் சுவரும் ஈரத்தை உறிஞ்சும், வெளியேவிடும். பழைய மாளிகைகளில் இது எப்படி நடந்தது, இன்று ஏன் தடைப்படுகிறது என்று பார்ப்போம்.

நம் கடற்கரையின் பழைய மாளிகைகள் சில இப்போது பயணிகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு அருகே, கடலைப் பார்த்தபடி ஒரு பங்களா இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற பின் கலெக்டரின் இருப்பிடமாக விளங்கிய அதனை நீம்ரானா நிறுவனம் புதுப்பித்து ‘பங்களா ஆன் தி பீச்’ என்ற விடுதியாக்கியது.

இத்தகைய கட்டடத்தில் ஒரு நாள் தங்கினால் முதலில் உணர்வது குளிர்ச்சியை. வெயில் சுவரில் நேரே படாதபடி அகன்ற தாழ்வாரம் தடுக்கிறது. கூரை உயரமாக இருப்பதால் சூடான காற்று நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. சுவரோ ஒன்றரை அடி, இரண்டடிப் பருமன். நண்பகலில் வெளிப்புறம் ஏறிய வெப்பம் அதைக் கடந்து உள்ளே வர ஏறத்தாழ அரை நாள் ஆகும். அதற்குள் வெளியே இரவாகிவிடும். சன்னல்களைத் திறந்தால் கடற்கரைக் காற்று மிச்ச வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகும்.

அடுத்தது சுண்ணாம்பு. போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1824இல், இங்கிலாந்தில். நம் நாட்டில் அது பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் செங்கல்லைப் பிணைத்தது சுண்ணாம்புக் காரை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் இட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால், அதிலுள்ள கால்சியம் கார்பனேட் பிரிந்து கரியமில வாயு வெளியேறும். 100 கிராமில் 44 கிராம் வாயுவாகப் போய்விட, எஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துக் கொத்தனார் சுவரில் பூசுவார். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. அதாவது, கிளிஞ்சலாக இருந்தது சுற்றிவந்து மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிறது!

இந்தக் காரையிலும் நுண்துளைகள் உண்டு. கடலோரத்தில் நிலத்தடி ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உப்பையும் சுமந்துகொண்டு சுவரில் ஏறுகிறது. காரை வழியே நீர் ஆவியாக, உப்பு காரையிலேயே படிகமாகத் தங்குகிறது. சில ஆண்டுகளில் காரை உதிரும், புதிதாகப் பூசுவார்கள். காரை தன்னைக் கொடுத்துச் செங்கல்லைக் காக்கிறது.

இதை அறியாமல் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளரச் செங்கல் உள்ளுக்குள் பொடியாகும். மேற்பூச்சு பல நாள் அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் பாளம் பாளமாக விழும்.

விடுதியாக மாறும் மாளிகைக்கு வேறு சோதனைகளும் உண்டு. விருந்தினருக்கு ஒவ்வோர் அறையிலும் குளியலறை வேண்டும், குளிர்சாதனம் வேண்டும். சில்லென்ற தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? குளிர்ந்த சுவரில் கடற்காற்றின் ஈரம் படிவதும் அவ்வாறே. ஆனால் விடுதியாகாமல் பூட்டிக் கிடந்தால் கூரையில் ஆலங்கன்று முளைக்கும். பழுது பார்க்கப் பணமும் வராது. வருமானம் தரும் விருந்தினரே சுவருக்குத் தொல்லையும் தருகிறார்! குளியலறைக் குழாய்களைப் பழைய சுவருக்குள் புதைக்காமல் வெளியே கொண்டுசெல்வதும், பூச்சுக்குச் சுண்ணாம்பையே பயன்படுத்துவதும் என் கருத்தில் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

அந்தச் சுண்ணாம்பை எங்கிருந்து எடுப்பது என்பதும் சிறிய கேள்வியன்று. முத்துக்குளித்த தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்காகக் கொண்டுவந்த காலம் உண்டு. அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகள் அரிக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்தன. இன்று மாளிகையைப் பழுது பார்ப்பவர் நிலத்துச் சுண்ணாம்புக் கல்லையோ இறந்த சிப்பிகளின் ஓட்டையோதான் நாட வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு செங்கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பக்கங்களில், அடியிலிருந்து பாதி உயரம்வரை சிமென்ட் பூசி உலரவிடுங்கள். மற்றதற்குப் பூச்சு வேண்டாம். இரண்டையும் உப்புநீர் உள்ள தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள்; நீர் குறையும்போது ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓரிரு வாரங்களில் வெள்ளை உப்பு எந்தெந்த உயரத்தில் பூக்கிறது என்று அளந்து குறித்துவையுங்கள். சிமென்ட் பூசிய கல்லில், பூச்சு முடியும் விளிம்புக்குச் சற்று மேலே கூர்ந்து பாருங்கள்.