கால் கிலோ கேட்ட அம்மா

போன வருசம் மாசி மாதம். எங்கள் புஞ்சையில் விளைந்த முண்டு வத்தலை இரண்டு மூட்டை கட்டி, இராமேஸ்வரத்தில் சொந்தக்காரர் கடையில் இறக்கினேன். கோயிலுக்கு வந்த மதுரைக்கார அம்மா ஒருவர் கையில் அள்ளி மோந்து பார்த்தார். “வாசம் நல்லாருக்கு. மண்ணு, தூசி இல்லாமப் பொறுக்கி, கால் கிலோ கட்டித் தாங்க. பஸ்ல கொண்டு போகணும்.”

“அஞ்சு கிலோவுக்குக் குறைச்சுத் தர்றதில்லம்மா” என்றேன். போய்விட்டார். கடைசியில் இரண்டு மூட்டையையும் கமிஷன் மண்டியில் ரசாயன வத்தல் விலைக்கே போட்டுவிட்டு வந்தேன்.

வங்கியில் இருந்தபோது எத்தனையோ வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தவன் நான். எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், வசதியானவர் வாங்கும் பொருள் கூலிக்காரருக்கும் எட்ட வேண்டும் என்று ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதல் போட்டு ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். பாட்டிலில் விற்றுவந்த இந்துஸ்தான் லீவரும் பாக்கெட்டுக்கு வர வேண்டியதாயிற்று. பாட்டில் வாங்கக் காசில்லாதவரிடமும் ஒரு தலைக்குளியலுக்குக் காசு இருக்கும். அந்தப் பழைய பெரிய கம்பெனி இதைப் புரிந்துகொண்டதால்தான் சந்தையில் நிலைத்தது. பெயரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் நடந்திருக்காது.

நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நம் பெயரைக் காக்கும். வத்தலை நாம்தான் விற்க வேண்டும்.

இந்த வருசம் மண்தரையில் போடாமல் தார்ப்பாயில் காயவைத்தோம். வெளுத்த காயைப் பொறுக்கித் தள்ளினோம். கால் கிலோ, அரைக் கிலோவாகத் துணிப்பையில் கட்டி, ஊர்ப் பெயரும் பறித்த மாதமும் எழுதினோம். பொறுக்குகூலியும் பைச் செலவும் கூடத்தான் ஆனது. அதை விலையில் சேர்த்தேன். வாங்கியவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஒரு மூட்டை அளவு கடையிலேயே தீர்ந்தது.

கேட்டதையெல்லாம் செய்துவிடவும் முடியாது. “இன்னும் சிவப்பா வேணும்” என்றார் ஒருவர். வத்தலுக்கு நிறம் ஏற்ற மாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். ஷாம்பு பாக்கெட்டுகள் நம் கண்மாய்க் கரையெல்லாம் குப்பையாகக் கிடப்பதையும் பார்க்கிறோம். அதனால்தான் துணிப்பை.

அடுத்த அறுவடைக்கு முன்னாடி, உங்களிடம் வாங்குகிற பத்துப் பேரிடம் எவ்வளவு வேணும், எப்படி வேணும்னு கேட்டுப் பாருங்க. களத்தில் காயப் போடும்போதே அந்தக் கணக்கு நம் கையில் இருக்கணும்.