குழாய்க்கு அடியில் இருந்த மண்

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8.10 மணியளவில் சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் மண்ணுக்கடியில் செல்லும் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பற்றியது. தீப்பிழம்பு 30 மீட்டருக்கு மேல் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கலாமே? கூடாது. சுடரை மட்டும் அணைத்தால், தொடர்ந்து கசியும் வாயு தேங்கி வெடிக்கக்கூடும். எனவே வால்வுகளை மூடி, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தீரும்வரை காத்திருந்தார்கள். பிற்பகலில்தான் தீ அடங்கியது.

குழாய் ஏன் உடைந்தது? வேலையிட பாதுகாப்பு, சுகாதாரத் துறை ஜூன் 30இல் அறிக்கை வெளியிட்டது. குழாயைத் தாங்கிய மண் போதிய உறுதியுடன் இல்லை, குழாய் 25.9 செ.மீ. கீழிறங்கியிருந்தது. மீண்டும் மீண்டும் ஏற்பட்ட அசைவால் பற்றவைத்த இணைப்பு பலமிழந்து முறிந்தது.

ஒரு பேப்பர் கிளிப்பைப் பலமுறை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். கடைசியில் பட்டென்று முறியும். இதுவே உலோகச் சோர்வு.

குழாய்களைச் சோதிக்க, ‘பிக்’ எனும் கருவியை உள்ளே அனுப்புவார்கள். வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளிச் செல்லும். காந்தப்புலத்தால் துருவையும் சுவர் மெலிவையும் அது கண்டறியும். ஆனால் வெளியே மண் இளகுவதை அதனால் அறிய முடியாது. அதற்குக் குழாயின் வளைவைப் பதியும் உணரிகளும் நில அளவையும் தேவை.

குழாயைச் சோதிப்பது பாதி வேலைதான். அது படுத்திருக்கும் மண்ணையும் ஆண்டுதோறும் கவனிப்பதே மீதி.