பத்து நாளில் பதில் கேட்டால் பதற வேண்டுமா?

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து நிதியுதவியுடன் கலாநிதிக் கற்கைக்கு அழைப்புக் கிடைக்கும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பத்து நாளில் பதில் கேட்கிறார்கள் சேர். மற்ற இடத்தின் முடிவு இன்னும் வரவில்லை. என்ன செய்வது?" வீட்டாரோ, கைக்கு வந்ததை விடாதே என்கிறார்கள். பயத்தில் 'ஆம்' என்று எழுதியவர்கள் உண்டு. ஐந்து, ஆறு வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பதில் அது.

அமெரிக்காவில் பட்டப்பின் கல்லூரிகளின் பேரவை என்றோர் அமைப்பு இருக்கிறது. அதன் தீர்மானமொன்றில் பெருந்தொகையான பல்கலைக்கழகங்கள் இணைந்துள்ளன. அதன்படி, நிதியுதவி அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதிலளிக்க மாணவருக்குக் கடமையில்லை. அவசரத்தில் ஏற்றிருந்தாலும், அந்தத் திகதிக்குள் எழுத்தில் அறிவித்து விலகலாம். இதைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கவனம். இது சட்டமல்ல, இணங்கிய நிறுவனங்களின் வாக்குறுதி. பேரவையின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிதியுதவி இல்லாத வெறும் அனுமதிக்கு இது பொருந்தாது. பிரித்தானியா, அவுஸ்திரேலியாவுக்கு இதைக் காட்டி வாதிடவும் முடியாது. அங்கே கடிதத்திலுள்ள திகதிதான் திகதி.

பட்டியலில் இருந்தால், தீர்மானத்தைக் குறிப்பிட்டு, ஏப்ரல் 15 வரை அவகாசம் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போதும். முடிவு வராத இடத்துக்கும் எழுதுங்கள். வேறோர் அழைப்புக் கையில் இருக்கிறது என்று சொன்னால் பல துறைகள் நிலைமையைத் தெரிவிக்கும். அதேவேளை, போகவே போவதில்லை என்று தெரிந்த இடத்தை ஏப்ரல் வரை பிடித்து வைத்திருப்பது நியாயமல்ல. காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை நிற்கிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். அந்தத் திகதிக்குச் சற்று முன்னர்தான் புத்தாண்டு விடுமுறை. அரச பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் கல்வி விடுமுறை, பிணையாளர், ஒப்பந்தம் பற்றியெல்லாம் மார்ச்சிலேயே விசாரித்துவிடுவது நல்லது. நியூயோர்க்கில் 15ஆம் திகதி மாலை 5 மணி என்றால் நமக்கு 16ஆம் திகதி அதிகாலை 2.30. அந்த நேரத்தை நம்பியிராமல் 14ஆம் திகதியே அனுப்பிவிடுங்கள்.