சரளைச் சாலையில் கூட்டுப் பயணம்

சைக்கிளில் ஏறித் தனியே ஊர் சுற்றி வருவதற்கு உடல் வலிமை ஏறக்குறையப் போதுமானது. பன்னிருவர் சேர்ந்து, மண்ணும் சரளையுமான வழியில் பல நாள் சென்று, பன்னிருவரும் நலமாக ஊர் திரும்ப வேண்டுமானால் திட்டம் வேண்டும். அத்திட்டத்தை வகுக்கும் முறையை இளைய நேயர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

திருச்சிராப்பள்ளியில் வாழும் நாம் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களின் திருச்சி இல்லத்திலிருந்து, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரண்யம் நோக்கி நடந்தனர். தொலைவு சுமார் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். ஏப்ரல் 28ஆம் நாள் அவர்கள் வேதாரண்யம் சேர்ந்தனர். அவர்கள் சென்றது கால்நடையாக. நாம் பேசுவது சைக்கிளைப் பற்றி. ஆயினும் கூட்டுப் பயணத்தின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே.

கணக்கைப் பாருங்கள். 150 மைலைப் பதினைந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குப் பத்து மைல். திடகாத்திரமான இளைஞன் ஒரு காலைப் பொழுதிலேயே பத்து மைல் நடந்துவிடுவான். ஆனால் அது சித்திரை வெயில். வழியிலுள்ள ஊர்களில் மக்களிடம் பேச வேண்டும். நூறு பேருக்கும் உணவும் இடமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனைவரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். ஆகவே குழுவின் வேகம் என்பது முன்னே செல்பவனின் வேகமன்று. கடைசியில் வருபவனின் வேகமே. நான் சொல்லப் போகும் விதிகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

அதே வழியை ஒட்டி நாம் சைக்கிளில் செல்வதாக வைத்துக்கொள்வோம். திருவரங்கம், கல்லணை, கோவிலடி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். இன்று பெருஞ்சாலைகள் தார் பூசப்பட்டுள்ளன. ஆற்றுக் கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலுமே மண்ணும் சரளையும் நமக்குக் கிடைக்கும். தார்ச் சாலையில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் செல்பவர், மூட்டையுடன் சரளையில் பத்துக்கு மேல் செல்வது அரிது. அதிலும் குழுவில் ஒருவருடைய டியூப் ஓட்டையானால் நிற்பது பன்னிருவரும். எனவே நாளொன்றுக்கு 40 கிலோமீட்டரே வரம்பு என்பேன். முதல் நாள் கோவிலடி வரை சுமார் 25 கிலோமீட்டர் போதும். எந்த மூட்டை தளர்கிறது, எந்த இருக்கை உறுத்துகிறது என்பன அன்றே தெரிந்துவிடும். விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

இனி வண்டி. காற்றை இறுக அடித்த டயர் வழவழப்பான சாலையில் எளிதாக ஓடும். சரளையிலோ அது ஒவ்வொரு கல்லின் மீதும் துள்ளும். துள்ளுந்தோறும் ஆளையும் சுமையையும் தூக்குவதில் நம் ஆற்றல் வீணாகும். சற்றே அகன்ற டயரில் காற்றைச் சிறிது குறைத்தால், டயர் கல்லைத் தழுவிக்கொண்டு உருளும். ஆனால் மிகவும் குறைத்தால், டியூப் கல்லுக்கும் சக்கர வளையத்துக்கும் இடையே நசுங்கிக் கிழியும். சுமை முழுவதையும் பின்புறக் கேரியரில் குவித்தால் வண்டி ஆடும். கனமானவற்றைச் சட்டத்தின் நடுவே தாழ்வாகவும், இலேசானவற்றைக் கைப்பிடியின் முன்னும் இருக்கையின் பின்னும் கட்டுக. இறக்கத்தில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தல் ஆகாது. தளர்ந்த கல்லில் முன்சக்கரம் வழுக்கினால் விழுவது உறுதி.

குழுவின் ஒழுங்கும் வேண்டும். வழி அறிந்தவர் முன்னே செல்க. பழுது பார்க்கத் தெரிந்தவர், பம்ப், ஒட்டுப் பொருள்கள், உபரி டியூப், ஸ்பானர் இவற்றுடன் எல்லாருக்கும் பின்னே வருக. அவரை முந்தவிட்டு எவரும் பின்தங்கலாகாது. வழி பிரியும் இடந்தோறும், பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியும் வரை முன்னவர் காத்திருக்க வேண்டும். கைபேசி இருக்கிறதே என்பீர்கள். மின்சக்தி தீர்ந்த கைபேசி வழி காட்டாது. இவ்விதி எப்போதும் காட்டும்.

தண்ணீரைப் பற்றி வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்று சொல்வேன். 1897ஆம் ஆண்டு அமெரிக்கப் படையின் இருபது கறுப்பின வீரர்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் என்பவர் தலைமையில், மான்டானாவிலிருந்து செயின்ட் லூயி நகருக்கு 1,900 மைல் சைக்கிளில் சென்றனர். உணவுப் பொருள்கள் முன்னதாகவே வழியிடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன; மருத்துவரும் உடன் சென்றார். அப்படியிருந்தும், வழியில் குடித்த உவர்நீர் பலரை நோயில் வீழ்த்தியது. நாமும் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் நல்ல நீர் எடுத்துச் செல்ல வேண்டும். அதனை நிரப்பும் ஊர்களையும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும்.

குடிக்கும் நீரைக் காட்டிலும் குளிக்கும் நீர் அஞ்சத்தக்கது. காவிரியும் கொள்ளிடமும் மேலே அமைதியாகத் தோன்றும். அடியில் மணற்குழிகளும் சுழல்களும் இருக்கும். முக்கொம்பிலும் கல்லணையிலும் மதகு திறந்தால் நீர் மளமளவென உயரும். வியர்த்து வரும் இளைஞருக்கு ஆறு ஆசை காட்டும். ஊரார் குளிக்கும் படித்துறையன்றி வேறெங்கும் இறங்குவதில்லை என்று புறப்படுமுன்னரே எல்லாரும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரைகள் சேறாகும். பங்குனி, சித்திரையில் வெயில் வாட்டும். தை, மாசியே தக்க காலம்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் எதிர்பாராதது வரும். 1930இல் தஞ்சை ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! வழிப்போக்கர் மீது ஊரார் கொள்ளும் அன்பு எந்தத் திட்டத்திலும் எழுதி வைக்க இயலாத உதவியாகும். வயலை மிதியாமலும், குப்பை போடாமலும், கேட்டுத் தங்கியும், நன்றி கூறிப் பிரிந்தும் அதற்கு நாம் உரியவராக வேண்டும்.

ஆகவே மாணவ மாணவியரே, விடுமுறை வருமுன் வரைபடத்தை விரித்து அமருங்கள். உங்களில் யார் மிக மெதுவாக ஓட்டுபவர் என்று முதலில் கேளுங்கள். அவரை நாணச் செய்வதற்காக அன்று. அவரை அளவுகோலாகக் கொள்வதற்காக. அவர் மகிழ்ந்து செல்லத்தக்க பயணமே அனைவரும் மகிழ்ந்து திரும்பும் பயணமாகும்.